பயப்படாதே என்று சொல்வதை விட்டேன்

2013 ஜூலை. காலை வழிபாட்டில் செய்தி வாசிக்க ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை நிறுத்தியிருந்தேன். கையில் நான்கு வரி எழுதிய தாள். முந்தின நாள் என்னிடம் மூன்று முறை வாசித்துக் காட்டியிருந்தாள், ஓர் எழுத்து பிசகவில்லை. மைக் முன்னால் வந்ததும் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. எதிரே இருநூறு பிள்ளைகள். நான் பக்கத்தில் போய், "பயப்படாதே, நீ நல்லாப் படிப்பே, பயப்படாதே" என்றேன். என் குரலையும் மைக் பிடித்துவிட்டது. எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பரவியது. தாளைக் கீழே போட்டுவிட்டு ஓடியவள் நாலு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

ஐந்தாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். எங்கள் பள்ளி பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. வாசலில் அவளுடைய அப்பாயி சின்ன வெங்காயத்தைத் தாள் நீக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். "வீட்ல இவ வாய் ஓயாது டீச்சர். தெருவுல யாரு வம்புக்கு வந்தாலும் விடமாட்டா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கும் எப்படியாச்சும் படிச்சிடலாம்னுதான் நெனச்சாளாம். நீங்க வந்து பயப்படாதேன்னு சொன்னப்பறந்தான், நாம பயப்படுறது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு ஆயிருச்சாம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எத்தனை பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அன்பாகத்தான் சொன்னேன். ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. உனக்குள் இருப்பது இருக்கக்கூடாத ஒன்று, அது வெளியே தெரிகிறது, சீக்கிரம் மறைத்துவிடு என்றுதான் சேர்ந்திருக்கும்.

அவள் திரும்பி வந்ததும், "எதை நெனச்சா பயமா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. இருநூறு பேரும் இல்லையாம். கடைசி வரிசையில் நிற்கும் எட்டாம் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர். அவளுடைய கீச்சுக் குரலை அப்படியே பேசிக் காட்டுவார்களாம். எனக்கு அது பெரிய நிம்மதி. இருநூறு பேரை நான் ஒன்றும் செய்ய முடியாது, நாலு பையன்களை ஏதாவது செய்யலாம். அன்றிலிருந்து பயத்தில் இருக்கும் எந்தப் பிள்ளையிடமும் முதலில் இதைத்தான் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் நாம் நினைத்ததைவிடச் சின்னதாக, குறிப்பாக இருக்கும். "கணக்குன்னா பயம்" என்கிற பிள்ளையை நெருங்கிக் கேட்டால், கரும்பலகைக்கு வந்து போடச் சொல்வதுதான் பயம், நோட்டில் போடுவதில் ஒன்றுமில்லை என்பான்.

அவளை மறுபடி மைக் முன்னால் நிறுத்த அவசரப்படவில்லை. முதல் வாரம் மதிய உணவு முடிந்ததும் காலி வகுப்பறையில் எனக்கும் அவள் தோழிக்கும் வாசித்தாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "கேக்கலை, இன்னும் கொஞ்சம்" என்று மட்டும் சொல்வேன். அடுத்த வாரம் இரண்டாம் வகுப்புக்குக் கதை வாசிக்க அனுப்பினேன். நான் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகள் குரலைக் கவனிப்பதில்லை, கதையைத்தான் கவனிக்கிறார்கள். "அக்கா, இன்னொரு கதை" என்று பாவாடையைப் பிடித்து இழுப்பார்கள். நாலாவது வாரம் வழிபாட்டில் ஒரே ஒரு வரி, இன்றைய வருகை எத்தனை என்று. தோழி தோளோடு தோள் ஒட்டி நின்றாள், அவள் பேசவே இல்லை, நிற்பது மட்டும்தான் அவள் வேலை. ஆறாவது வாரம் செய்தி வாசித்தாள். குரல் நடுங்கியது, நிற்காமல் வாசித்து முடித்தாள்.

அந்த எட்டாம் வகுப்புப் பையன்களை நான் திட்டவில்லை. அதில் இரண்டு பேரிடம் மைக் பொறுப்பைக் கொடுத்தேன். வாசிக்க வருகிறவர்களின் உயரத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்க வேண்டும், வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது வாரமே அதில் ஒருவன் ஒரு சின்னப் பையனிடம், "மெதுவாப் படிடா, அவசரமில்ல" என்று சொல்வதை மைக்கில் கேட்டேன்.

பிற்பாடு ஒரு பயிற்சியில் ஆல்பர்ட் பண்டூரா என்கிற உளவியலாளரைப் பற்றிச் சொன்னார்கள். நம்மால் முடியும் என்கிற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் எழுதியவர். நாமே செய்து பார்த்து முடித்த அனுபவம்தான் அதற்கு முதல் ஊற்று, நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது, வாயால் தேற்றுவது அவற்றைவிட வலுக்குறைந்தது என்றார். பாம்பென்றால் நடுங்குகிறவர்களைப் படிப்படியாக நெருங்க வைத்து, கடைசியில் கையிலேயே பிடிக்க வைத்த ஆய்வுகளும் அவருடையவைதான். அதைக் கேட்டபோது எனக்கு அந்த ஆறு வாரமும் கண்முன் வந்தது. நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வழியை ஒருவர் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்றிக்கொண்டேன். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்கிற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்ன பிரமாதம் என்று தோன்றும். வகுப்பில் நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று புரியும். முன் பெஞ்சில் "டீச்சர், டீச்சர்" என்று கை நீளும். அந்தக் கைகளைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்து மனசுக்குள் எண்ணுவேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு கை பாதி உயரும், காதைத் தேய்ப்பதுபோல. அந்தப் பாதிக் கைக்காகத்தான் காத்திருப்பதே.

தப்பான விடை வந்தால், "தப்பா இருந்தாலும் பரவாயில்ல" என்று சொல்வதில் பெரிய பலன் இல்லை. "எப்படி யோசிச்சே, சொல்லு" என்று கேட்பதில் இருக்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்றான் ஒருவன். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டியிருக்கிறான். "அப்போ அரை இட்லியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையைவிடக் குறைஞ்சுபோச்சே?" என்றேன். வகுப்பே யோசித்தது. அவனுடைய தப்புதான் அன்றைய பாடம், அவனுக்கு அதில் பெருமைதான்.

இதெல்லாம் ஒரு பக்கம். நான் உண்மையில் சொல்ல வந்தது 2016-இல் நடந்த வேறொன்று.

ஏழாம் வகுப்புக்குப் புதிதாக ஓர் உலக உருண்டை வந்திருந்தது. ஒரு நாள் இடைவேளை முடிந்து போனால் தாங்கியிலிருந்து கழன்று, விரிசல் விட்டுக் கீழே கிடக்கிறது. யார் என்று நான் கேட்கவே இல்லை. எதற்கெடுத்தாலும் மாட்டுகிற ஒரு பையன் இருந்தான், அவனை வெளியே நிற்கச் சொன்னேன். "நான் இல்ல டீச்சர்" என்றான். வழக்கமாகச் சொல்வதுதானே என்று காதில் வாங்கவில்லை. இரண்டு பாடவேளை நின்றான்.

மதியம் இரண்டாம் பெஞ்சில் இருக்கும் ஒல்லியான பையன் ஒருவன் என் மேசைக்கு வந்தான். அதிகம் பேசாதவன். "டீச்சர், உருண்டையை அவன் உடைக்கல. நான் பாத்தேன்."

"அப்போ யாரு?"

"அது சொல்லமாட்டேன். ஆனா அவன் இல்ல."

என் வாயில் முதலில் வந்தது, "உன்னை யாரு கேட்டா?" என்பதுதான். அதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவன் போகவில்லை. கால் சட்டைக்குக் கீழே முழங்கால் வெளிப்படையாக நடுங்கியது. "நீங்க யாரையுமே கேக்கலை டீச்சர். அதான் நானா வந்து சொன்னேன்" என்றான்.

அவனை அனுப்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. தைரியமாக இருக்க வேண்டும், உண்மையைப் பேச வேண்டும் என்று ஒன்பது வருடமாக வகுப்பில் பேசி வருகிறேன். ஒரு பிள்ளை அதைச் செய்தபோது என்னுள் எழுந்தது கோபம். ஏனென்றால் அந்தத் தைரியம் என்னை நோக்கி வந்தது. சுதந்திரப் போராட்ட வீரர்களின் தைரியம் நமக்குப் பிடிக்கும், பேச்சுப் போட்டி மேடையின் தைரியம் பிடிக்கும். "டீச்சர், நீங்க செஞ்சது தப்பு" என்கிற தைரியத்துக்கு நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம். அதிகப்பிரசங்கி. வாயாடி. எதிர்த்துப் பேசுறவன். பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் நாலு பெயர் கூடும்.

மறுநாள் வகுப்பில், வெளியே நிற்கவைத்த பையனிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். விசாரிக்காமல் தண்டித்தேன், அது தப்பு என்றேன். ஒரு பிள்ளையை அப்படி வெளியே நிற்கவைப்பதே கூடாது என்பதையும் சொன்னேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமில்லை, மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. வந்து சொன்னவனுக்கு நன்றி சொன்னேன். அவன் பெயரைச் சொல்லலாமா என்று அவனிடம் காலையிலேயே கேட்டுவிட்டேன், வேண்டாம் என்றான், சொல்லவில்லை. வகுப்பு அப்படி ஓர் அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஒரு மாதத்தில் மூன்று பிள்ளைகள் தனித்தனியாக வந்து என்னிடம் ஒவ்வொரு விஷயம் சொன்னார்கள். அதில் ஒன்று பெற்றோரையும் காவல் நிலையத்தையும் உடனே அழைக்க வேண்டிய விஷயம். அந்தப் பிள்ளை பல வாரமாக அதை மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள். "ஏம்மா முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டதற்கு, "நீங்க நம்புவீங்களான்னு தெரியலை டீச்சர்" என்றாள். இப்போது நம்புவேன் என்று எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

2004 சுனாமியின்போது தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் பெற்றோருடன் இருந்த டில்லி ஸ்மித் என்கிற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமியைப் பற்றிப் பலர் படித்திருப்பீர்கள். கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து, சுனாமி வரப்போகிறது என்று கத்தியவள். அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். நான் இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு அவளைக் காட்டுவேன், பெற்றோர் கூட்டத்தில் சொல்லும்போது அவள் அப்பாவைக் காட்டுவேன். மகள் பதறுவதை ஒதுக்கித் தள்ளாமல் பாதுகாவலரிடம் போய்ச் சொன்னாரே, அவரை.

எங்கள் ஆசிரியர் அறையில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. "இடம் கொடுத்தா தலைமேல ஏறிடுவாங்க" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. நினைத்ததையெல்லாம் நினைத்தபடி வீசுவது வேறு. அதனால் மறுத்துப் பேசுவதையே பழக்கினேன். "டீச்சர், எனக்கு வேற மாதிரி தோணுது" என்கிற ஒரு வாக்கியம், அதற்குப் பின்னால் ஒரு காரணம். வாரத்தில் ஒரு நாள் நான் வேண்டுமென்றே கரும்பலகையில் ஒரு தப்பு எழுதுவேன். யார் கண்டுபிடித்தாலும் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சில மாதத்தில், நான் தெரியாமல் செய்த தப்புகளையும் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள்.

அதே போல இன்னொரு வாக்கியம்: "டீச்சர், ஒரு விஷயம் சொல்லணும், தனியா." மனசில் பாரத்தோடு இருக்கும் பிள்ளைக்கு முதல் வாக்கியம்தான் வராது. அதைக் கையில் கொடுத்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். இதை ஒரு பிள்ளை சொன்னால், நான் எந்தப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தாலும் பேனாவை மூடி வைத்துவிடுவேன். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்களையும் சுவரில் எழுதி வைத்ததோடு விடுவதில்லை, பேசிப் பழக வைக்கிறோம். ஒருவர் கூப்பிடுகிறவர், இன்னொருவர் எடுக்கிறவர். முதல் தடவை பாதிப் பேர் ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் சொல்வதற்குள் திணறினார்கள்.

வகுப்பில் திக்குவாய் உள்ள பையன் ஒருவன் இருந்தான். நாலு பேர் சேர்ந்து அவனைக் கேலி செய்வதை மற்ற முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "நீங்க ஏன் தட்டிக் கேக்கலை?" என்று முப்பது பேரையும் கேட்டால் தலையைக் குனிவார்கள். தட்டிக் கேட்பது கடினம். எனக்கே கடினம். 1950-களில் சாலமன் ஆஷ் செய்த சோதனை ஒன்று உண்டு. எந்தக் கோடு நீளம் என்று கண்ணால் பார்த்தாலே தெரிகிற கேள்விக்கு, சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு தப்பான பதில் சொல்வார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு நிஜ மனிதர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு ஒத்துப்போயின. ஆனால் சரியான பதில் சொல்ல இன்னொரே ஒருவர் கூட இருந்தபோது, அந்த நெருக்குதல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. வளர்ந்தவர்களுக்கே ஒரு துணை வேண்டியிருக்கிறது.

ஆகவே தட்டிக் கேளுங்கள் என்று சொல்வதை விட்டுவிட்டு, "கேலி நடக்கும்போது எழுந்துபோய் அவன் பக்கத்துல உட்காருங்க, ஒண்ணும் பேச வேண்டாம்" என்றேன். ஒரு வாரம் யாரும் எழவில்லை. அப்புறம் ஒரு பெண் போய் உட்கார்ந்தாள். அன்றே இன்னும் இரண்டு பேர். கேலி செய்தவர்களுக்குப் பார்வையாளர்கள் குறைந்தார்கள். முழுக்க நின்றுபோனது என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பையன் தனியாக உட்காருவது நின்றது.

இனி சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. 2020 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துக் கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்க வந்த இளைஞர்கள் நான்கு பேர் ஆழத்தில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே இருந்த மூன்று பெண்கள் கொஞ்சமும் தயங்காமல் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் சேலையைப் பிடித்துக் கரையேறினார்கள், மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடம், "நீங்க அங்க இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில், "குதிச்சிருப்போம் டீச்சர்!" அதில் நீச்சல் தெரிந்தவர்கள் ஆறு பேர். எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏரியிலும் குளத்திலும் கிணற்றிலும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் இன்னொரு பிள்ளையும் சேர்ந்து போகிற செய்தியை ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பார், பிடிபட்டவரும் உள்ளே போவார். தைரியம் தைரியம் என்று நாம் பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால், தண்ணீர் ஓரத்தில் ஒரு பிள்ளை அதற்குத் தப்பான அர்த்தம் எடுத்துக்கொள்ளும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் கோடை விடுமுறைக்கு முன் மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கரை வரைகிறோம். கரையைத் தாண்டி யாரும் கால் வைக்கக்கூடாது. முதலில் உரக்கக் கத்திப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும், ஒருவர் 108-க்குப் பேச வேண்டும். கம்பு இருந்தால் தரையில் குப்புறப் படுத்து நீட்ட வேண்டும், நின்றுகொண்டு நீட்டினால் இழுத்துவிடும். கம்பு எட்டாவிட்டால் கயிறு, துப்பட்டா, சேலை, வேட்டி எது கிடைத்தாலும் வீச வேண்டும், மறுமுனையைக் கையில் சுற்றிக் கட்டிக்கொள்ளக் கூடாது. மூடி இறுகப் போட்ட காலி பிளாஸ்டிக் கேன் நன்றாக மிதக்கும், அதையும் வீசலாம். மூழ்குகிறவர் பல சமயம் கத்தமாட்டார், சத்தமே இல்லாமல் போய்விடுவார் என்பதையும் சொல்லிக் கொடுக்கிறோம். துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டு வீசிப் பழகுவதில் பெண் பிள்ளைகள்தான் கெட்டிக்காரர்கள். குதிக்காமல் நிற்கவும் நெஞ்சுரம் வேண்டும் என்று நான் சொன்னபோது பையன்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். கொட்டரைப் பெண்களைப் பற்றி முழுதாகச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்கள்.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சோறு ஊட்டுவதற்காகப் போலீஸைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். ஊசி போடுவார்கள், டீச்சரிடம் சொல்லிவிடுவேன் என்பதும் அப்படித்தான். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால் யாரிடம் ஓட வேண்டுமோ, அவர்களைப் பார்த்தே ஒளிந்துகொள்ளும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு அம்மா, "அப்புறம் எப்படித்தான் டீச்சர் சாப்பிட வைக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பசித்தால் சாப்பிடும் என்று சொன்னேன், அவர் முழுதாக நம்பவில்லை.

இந்த வருடம் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். ஜூனில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதில்லை. தலையாட்டுவான், எழுதிக் காட்டுவான். வீட்டில் பேசுகிறான் என்று அவன் அம்மா சொல்கிறார், ஒரு மருத்துவரிடமும் காட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரமாக வருகைப் பதிவேட்டை ஹெச்.எம். அறைக்குக் கொண்டுபோகும் வேலையை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன், நண்பன் ஒருவனோடு. எண்ணிக்கையை நண்பன்தான் சொல்வான். நேற்று நண்பன் வரவில்லை. தனியாகப் போனான். நான் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு வேறெங்கோ பார்ப்பதுபோல் இருந்தேன். ஹெச்.எம். பதிவேட்டை வாங்கிவிட்டுத் திறக்காமல் காத்திருந்தார். ரொம்ப நேரம் போலிருந்தது. அப்புறம் வராந்தா வழியாக ஒரு சின்னக் குரல் வந்தது.

"இருபத்தேழு, சார்."